வளவோரத்துத் தேவாங்கு

மெலிந்துபோன பிள்ளையைக் கண்டால் “தேவாங்கு மாதிரி இருக்கிறாய்” என்று சொல்வது எமது ஊர்களில் பழகிப்போன பேச்சு. நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற காலத்தில், கண் பெருத்து, கைகால் சூம்பி, வயிறு ஒட்டிப்போன பிள்ளைகளைப் பார்த்து இதே வார்த்தையைத் தாய்மார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சிரிப்பாகச் சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு. இது புதிய பேச்சுமல்ல. 1845 முதல் 1850 வரை இலங்கையில் பிரித்தானிய அரசின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் என்பவர், இந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். இப்பிராணியின் தமிழ்ப் பெயருக்கு மெலிந்த உடம்பு என்பதே பொருளென்றும், தமிழ்ப் பகுதிகளில் வற்றி மெலிந்த ஆட்களையும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார்.

பேச்சு நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக வாயில் இருக்கிறது. ஆனால் தேவாங்கை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கூட்டத்தில் நான்கைந்து கைகள்தான் உயரும். பார்த்தவர்களிலும் அநேகர் காடு வெட்டும்போதோ, விறகுக்குப் போனபோதோ, இரவுக் காவலில் ரோர்ச் வெளிச்சத்திலோ தற்செயலாகக் கண்டவர்களே. மீளக் குடியேறிக் காணி துப்புரவாக்கும் குடும்பங்களும், என்றாவது ஒரு நாள் துப்புரவாக்கக் காத்திருக்கும் குடும்பங்களும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கின்றன. ஆகவே இம்முறை அந்தச் சின்னஞ்சிறு பிராணியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். உங்கள் கையில் இருக்கும் காட்டுக்கத்திக்கும் அதன் உயிருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

குரங்குக்குச் சொந்தம், ஆனால் குரங்கல்ல

இலங்கையின் காடுகளில் மனிதரை விட்டால் குரங்கு வர்க்கத்தைச் சேர்ந்த பிராணிகள் ஐந்து வகை. கூரை ஓட்டைப் பிரித்து எமது பொறுமையைச் சோதிக்கும் செங்குரங்கு, இரண்டு வகை மந்திகள், இரண்டு வகைத் தேவாங்குகள். முதல் மூன்றையும் பகலில் காணலாம், சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தேவாங்கு இரவுப் பிராணி. சத்தமும் அதிகம் போடாது; எப்போதாவது ஒரு மெல்லிய விசில் ஒலி. வர்க்கத்தில் ஒன்றாயினும் அது உண்மையான குரங்கல்ல. ஆபிரிக்காவின் இரவுக் குட்டிப் பிராணிகளான புதர்க் குழந்தைகளும், மடகஸ்கார் தீவின் லெமூர்களுமே அதன் நெருங்கிய இனத்தவர். அந்த மடகஸ்காரில் தேவாங்கிலும் பார்க்கச் சிறிதான, சுமார் 30 கிராம் நிறையே உள்ள எலி லெமூர் ஒன்று இருக்கிறது. உலகில் இவ்வர்க்கத்தின் மிகச் சிறிய பிராணி அதுதான். எமது தேவாங்கு அவ்வளவு சிறிதில்லை. ஆனாலும் வளர்ந்த ஆள் ஒருவரின் உள்ளங்கையில் உட்கார வைக்கக்கூடியது.

நிறை என்று பார்த்தால், தென்மேற்கின் ஈரவலயத்தில் வாழும் செந்தேவாங்கு பெரும்பாலும் 100 முதல் 170 கிராம் வரை. வடக்கு, கிழக்கு, வடமத்தி என்று உலர்வலயம் முழுவதும் பரந்து வாழும் சாம்பல் தேவாங்கு அதைவிடப் பெரிது. அதுவும் கால் கிலோவைச் சுற்றியே நிற்கும். வால் இல்லை, தொட்டுப் பார்த்தால் ஒரு சிறு முளை மட்டும் தட்டுப்படும். உடல் முழுவதும் மெத்தென்ற உரோமம், வயிற்றுப் பக்கம் வெளிறல். கை கால்கள் பென்சில் பருமன். காதுகள் மெல்லியவை, வட்டமானவை. முகத்தில் பாதியை இரண்டு கண்களே எடுத்துக்கொள்ளும். அவற்றைச் சுற்றிக் கரி பூசியதுபோல் கறுப்பு வளையம், நடுவில் நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைக் கோடு. மூக்கு நாயின் மூக்கைப் போல ஈரமானது.

கண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பிராணிக்கு வந்த துன்பமெல்லாம் பெரும்பாலும் அந்தக் கண்களால் வந்தவையே. மனிதக் கண்களைப் போல இரண்டும் முன்பக்கம் நோக்கியவை. ஆகையால் ஒரு பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது சரியாக மட்டிடும். விழியின் பின்புறத்தில் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருக்கிறது. நுழைந்த வெளிச்சம் இருமுறை பயன்படுவதால், நட்சத்திர வெளிச்சமே அதற்குப் போதும். ரோர்ச் அடித்தால் இரண்டு செந்தணல் போல ஒளிர்வதற்குக் காரணமும் அந்தப் படலமே. மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் இரவில் ஒளிர்வதும் இவ்வாறுதான். மாட்டின் கண் ஒளிர்ந்தால் பயப்படாத நாம், தேவாங்கின் கண் ஒளிர்ந்தால் மட்டும் பேய் என்கிறோம்.

கைகளும் விசேடமானவை. பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாக நன்றாக விரிந்து நிற்கும்; சுட்டுவிரல் வழிவிட்டதுபோல் குட்டையாகிவிட்டது. இதனால் அதன் பிடி ஒரு குறட்டின் பிடி. கை கால்களுக்குள் இரத்தக் குழாய்கள் மெல்லிய கற்றைகளாகப் பிரிந்து ஓடுகின்றன. நெடுநேரம் அசையாமல் பிடித்திருந்தாலும் தசை களைக்காதிருக்க இந்த அமைப்பு உதவுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதிலாக ஒரு கூரான உகிர் உண்டு. அது உரோமத்தைக் கோதவும் காது சொறியவும். சீப்பைக் காலிலேயே வைத்துக்கொண்டு பிறக்கிறது!

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது, மெதுவாக நடப்பது என்ற பொருளில் வைத்தார். லோறிஸ் என்ற பெயர் கோமாளியைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இரண்டு பெயருமே இதற்கு நியாயம் செய்யவில்லை என்பது எமது எண்ணம். இரவில் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், தேவை வந்தால் அது கிளைகளில் விரைவாகவே ஓடுவதைக் கண்டிருக்கிறார்கள். பகலில் பிடிபட்டு, வெயிலில் கண் கூசி, பயந்து உறைந்துபோயிருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று பட்டம் கட்டினால் எப்படி?

பாய மாட்டாத பிராணி

தேவாங்கைப் பற்றி ஒரே ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்: அது பாய்வதில்லை. குரங்கு மரத்துக்கு மரம் தாவும், அணில் தாவும். தேவாங்கு தாவாது. பின்கால்களால் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, மெலிந்த உடலை முழு நீளத்துக்கும் நீட்டி, எட்டும் கிளையைக் கையால் பிடித்து, அதன்பின் காலை விடும். எட்டாவிட்டால் திரும்பிவிடும், அல்லது நிலத்தில் இறங்கி நடக்கும். நிலத்தில் இறங்கியதும் அது நாய்க்கும், பூனைக்கும், வாகனச் சில்லுக்கும் இலகுவான இரை.

ஆகவே அதற்கு வேண்டியது வானளாவிய பெருமரம் அல்ல. விரல் பருமனான, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிறு கிளைகளும் கொடிகளும்தான். அது சிங்கராஜ போன்ற மழைக்காடுகளில் மட்டும் உண்டு என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். செந்தேவாங்கைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. காலி, மாத்தறை, களுத்துறை, இரத்தினபுரிப் பக்கங்களில் எஞ்சியிருக்கும் துண்டுதுண்டான ஈரக்காடுகளிலேயே அது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியின் குளிரில், தடித்த உரோமத்தோடு வாழும் அதன் ஒரு பிரிவை 1937இன் பின்னர் மிக அரிதாகவே எவரும் கண்டதால், அழிந்துவிட்டதாகவே பலர் நினைத்தனர். லண்டன் விலங்கியல் சங்கத்தினரும் எமது நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இரவிரவாகத் தேடி எடுத்த அதன் முதலாவது ஒளிப்படங்கள் 2010இல் வெளியாகின.

சாம்பல் தேவாங்கின் சங்கதி வேறு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்ந்த காட்டிலும் அது இருக்கும். சூரை, காரை, ஈச்சை, கொடிகள் மண்டிய பற்றைக்காட்டிலும் இருக்கும். காட்டின் நடுவைவிட ஓரத்தையே அது கூடுதலாக விரும்புவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஓரத்தில் வெயில் படும், பற்றை அடரும், பூச்சி பெருகும். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில், உலர்வலயத்து வடபகுதித் தேவாங்கைத் தனிப் பிரிவாக 1933இல் விவரித்து, வடக்கைக் குறிக்கும் பெயரையே அதற்குச் சூட்டினார். எமது வயல்களுக்கும் குளக்கட்டுகளுக்கும் பின்னால் இருப்பது இந்தப் பிரிவுதான். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பக்கத்தில் முட்காட்டிலும் கமங்களின் ஓரத்திலும் இதன் உறவினமான இன்னொரு சாம்பல் தேவாங்கை ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்காக இரவில் அவதானித்தார்கள். நாம் இங்கே சொல்லும் பலவும் அங்கே கண்டறியப்பட்டவை.

உணவு என்ன? மா, பலா, வாழை என்று அது தோட்டத்துக்கு வருவதில்லை. அதன் உணவில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் உயிருள்ள இரையே. எறும்பு, கறையான், வண்டு, தத்துவெட்டி, அந்துப்பூச்சி, சில சமயம் பல்லி, அருமையாகக் குருவிக் குஞ்சு அல்லது முட்டை. மரப்பிசினையும் நக்கும். பின்கால்களில் தொங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் வீசிப் பூச்சியைப் பொத்திப் பிடிக்கும். மற்றப் பிராணிகள் தொடாத, கடிக்கும் எறும்புகளையும் கெட்ட நாற்றமுள்ள பூச்சிகளையும்கூடத் தின்னும். தின்னும்போது தும்மி, எச்சில் வடித்து, தலையை உதறிக்கொண்டே தின்னும், விடாது. தன் சிறுநீரைக் கைகால்களில் பூசிக்கொள்ளும் ஒரு பழக்கம் அதற்கு உண்டு. பிடி வழுக்காமலிருக்க என்பர் சிலர். எறும்புக்கடியின் எரிவைத் தணிக்க என்பர் வேறு சிலர். தன் வாசத்தை வழியில் விட்டுச்செல்ல என்பாரும் உண்டு.

பயிரைத் தின்னும் பூச்சிகளையும் அது பிடிக்கிறது என்பதால் கமக்காரருக்கு நண்பன் என்று சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு 2022 ஒக்ரோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தபோது இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதலாவது சரணாலயம் அது. பெரிய காரியம், வரவேற்கிறோம். ஆனால் ஒரு தேவாங்கை நம்பி நீங்கள் நெல்லுக்கு மருந்தடிப்பதை நிறுத்தலாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. வயலுக்குள் அது இறங்குவதில்லை, மரத்தில்தான் வேட்டை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் விளைச்சலில் ஒரு மணியைக்கூட அது எடுப்பதில்லை. யானையையும் பன்றியையும் மயிலையும் குரங்கையும் சமாளித்துக் களைத்துப்போன உங்களுக்கு இது சிறிய செய்தியல்ல என்று நினைக்கிறோம்.

குட்டி ஒரு மாணிக்கம்

பெண் தேவாங்கு சுமார் ஐந்தரை மாதம் சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். எலியளவு உடம்புக்கு இது மிக நீண்ட காலம். எலி மூன்று வாரத்தில் ஈன்றுவிடுகிறது. அதனால் எலியை எவ்வளவு அழித்தாலும் மீண்டும் பெருகும். தேவாங்கு அப்படியல்ல. ஒரு பற்றையில் இருந்த நான்கைந்தைக் கொன்றுவிட்டால் அந்த இடம் வருடக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும்.

பிறந்த குட்டி முதல் சில வாரங்கள் தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டே திரியும். பின்னர் தாய், பொழுதுபட்டதும் அதை ஒரு பாதுகாப்பான கிளையில் பிடிக்கவைத்து விட்டு, இரை தேடப் போய்விடும். குட்டி சத்தமின்றி அங்கேயே இருக்கும். இடையில் வளர்ந்த ஆண்களும் வந்து அதனருகே இருந்து கோதிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். விடியும் முன் தாய் வந்து எடுத்துக்கொள்ளும். பகல் முழுவதும் தாயும் குட்டிகளும் ஓரிரு ஆண்களுமாக ஒரு கவட்டிலோ கொடிப் பின்னலிலோ, தலையைக் கால்களுக்கிடையில் புதைத்துப் பந்துபோலச் சுருண்டு, ஒன்றையொன்று அணைத்தபடி உறங்கும். ஆகவே இரவில் தனியே இருக்கும் குட்டியைக் கண்டால், ஐயோ தாயில்லாக் குட்டி என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தாய் இருக்கிறது, வேலைக்குப் போயிருக்கிறது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் சொல்லுமிடத்தில், சிங்கள மக்கள் உனஹபுளுவாவுக்கும் தன் குட்டி மாணிக்கமாம் என்று சொல்வார்கள். உனஹபுளுவா என்பது தேவாங்கின் சிங்களப் பெயர். அழகில்லாதது என்று கருதியே அந்தப் பழமொழியில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு அவலட்சணமானதல்ல.

வாசலில் வந்தால் சாவா?

மீள்குடியேறிய ஒரு வன்னிக் கிராமத்தில் வாசிகசாலை வளவைச் சிரமதானம் மூலம் துப்புரவாக்கினார்கள். நாமும் நின்றோம். சூரைப் பற்றையொன்றை வெட்டி இழுத்தபோது கொடியோடு சேர்ந்து ஒரு தேவாங்கு வந்தது, வயிற்றில் குட்டி. இளைஞர்கள் தடியில் பற்றவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயதான ஒருவர், “அதை அடிச்சுப் போடுங்கோ தம்பியவை. தேவாங்கு வாசலிலை வந்தால் வீட்டிலை சாவு விழும் எண்டு எங்கட அப்பு சொல்லுவார்” என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, நாங்கள் ஊரை விட்டு ஓடேக்கை எத்தினை சாவு விழுந்தது. அப்ப ஆற்றை வாசலிலை தேவாங்கு வந்து நிண்டது?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேவாங்கு பின்னால் நின்ற பாலை மரத்துக்குப் போயிற்று.

அபசகுனம் என்ற எண்ணம் ஒரு புறம். அதைவிடக் கொடியது, அதன் கண்ணை மருந்துக்கும் வசியத்துக்கும் எடுப்பது. டெனன்ற் காலத்திலேயே இது இருந்தது. கண்கள் வெடிக்கும்வரை அந்தச் சிறு உயிரை நெருப்பின் மேல் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். கண்பார்வைக்கு மருந்து என்று சொல்லி அதன் கண்ணீரையும் கண்ணையும் தேடுவோர் எமது காலத்திலும் இல்லாமற் போகவில்லை. இருட்டில் பார்க்கும் பிராணியின் கண்ணைத் தின்றால் எமக்கும் பார்வை வருமென்பது வெறும் நினைப்பு. கண்ணில் வெண்படலம் விழுந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் செய்யப்படுகிறது. பார்வை மங்கிய உங்கள் அம்மாவை, அப்புவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வகை மருந்தை விற்க வருபவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நாட்களைக் கடத்தினால், மீட்கக்கூடிய பார்வையும் மீட்க முடியாமற் போகக்கூடும். மேலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தேவாங்கு பாதுகாக்கப்பட்ட பிராணி. கொல்வதும் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

காணி துப்புரவாக்கும்போது

போர் 2009இல் முடிந்தது. மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் தமது வளவுகளை அடையாளம் காணவே சிரமப்பட்டார்கள். கிணற்றுக்கட்டை வைத்தும் ஒரு புளியமரத்தை வைத்தும் எல்லை பிடித்தவர்கள் பலர். முற்றம் இருந்த இடத்தில் பற்றைக்காடு. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தக் காட்சிகூட இன்னும் கிட்டவில்லை. நாம் இல்லாத ஆண்டுகளில் அந்தப் பற்றைகளுக்குள் வேறு சீவன்கள் குடிவந்தன. காணி உங்களுடையது, அதைத் துப்புரவாக்கும் உரிமை உங்களுடையது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. எப்படித் துப்புரவாக்குவது என்பதில் மட்டுமே சில வார்த்தைகள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி கிடைக்காத பற்றைக்குள் தேவாங்கையோ வேறெதையோ தேடிப் போகவேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

டோசர் விட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் தள்ளி, நாலு பக்கமும் நெருப்பு வைப்பது விரைவான வழி. ஆனால் தேவாங்கு நெருப்பைக் கண்டு ஓடும் பிராணியல்ல. பகலில் சுருண்டிருந்த இடத்திலேயே இறுகப் பிடித்துக்கொண்டு எரிந்துபோகும். கத்தியால் வெட்டுபவர்கள், பெரும்போகத்துக்கு முன் ஆடி ஆவணியில் வெட்டும்போது, வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிக் காட்டுப் பக்கமாக வெட்டிக்கொண்டு போனால், இரவில் அது பின்வாங்கிச் செல்ல வழி கிடைக்கும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வெட்டுவது இன்னும் நல்லது. கூலிக்கு ஆள் பிடிப்பவர்களுக்கு இது சிரமம்தான். சொந்தக் கையால் வெட்டுபவர்களுக்கு எப்படியும் அத்தனை நாள் எடுக்கும்.

எல்லாவற்றையும் வெட்ட வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பற்றையை விட்டால் பாம்பு வரும், யானை வந்து மறைந்து நிற்கும் என்பீர்கள். நியாயமான பயம். வீட்டைச் சுற்றியும் கிணற்றடியிலும் பாதையோரத்திலும் வெளியாக்குங்கள். பின் எல்லையில் மட்டும் ஒரு வரிசை மரங்களை, கிளைகள் ஒன்றையொன்று தொடும்படி விட்டுவையுங்கள். அடியைச் செருக்கிச் சுத்தமாக வைத்திருக்கலாம். தேவாங்குக்கு வேண்டியது மேலே உள்ள தொடர்ச்சி. படுத்துறங்க, கொடி படர்ந்த இரண்டொரு மரம் அந்த வரிசையில் நின்றால் போதும். அவ்வரிசை பக்கத்து வளவின் வரிசையோடும், அது குளக்கட்டு மரங்களோடும், அது காட்டோடும் சேரவேண்டும். ஒரு வளவில் மட்டும் மரம் நின்று சுற்றிலும் வெட்டையாயின் பயனில்லை. அயலவர்களோடு வேலிச் சண்டை பிடிப்பதற்குப் பதிலாக இதைப் பேசிப் பாருங்கள்.

வேலி என்றதும் இன்னொன்று. முள்ளுக்கம்பியும் சீமெந்துத் தூணும் வந்தபின் கதியால் வேலி குறைந்து வருகிறது. கம்பிதான் பலம் என்று நினைக்கிறோம். கிளுவையும் சீமைக்கிளுவையும் முள்முருக்கையும் பூவரசும் நட்ட வேலி ஆட்டுக்குக் குழை தரும், வயலுக்குப் பசளை தரும், அடுப்புக்கு விறகு தரும், காற்றையும் மறிக்கும். அதே வேலி தேவாங்குக்கு ஒரு பாதை. கம்பி வேண்டுமானால் கதியாலில் அடியுங்கள். குழை வெட்டும்போது முழு வேலியையும் ஒரேயடியாக மொட்டையடிக்காமல் பாதிப் பாதியாக வெட்டினால், ஆட்டுக்கும் தொடர்ந்து குழை இருக்கும், பாதையும் அறாது.

இந்தோனேசியாவில், யாவாத் தீவின் மேற்கேயுள்ள சிப்பகந்தி என்ற மலைக்கிராமத்தில் மக்கள் இதைவிடக் கெட்டித்தனமாகச் செய்தார்கள். அங்கே வாழ்வது வேறு வகை, உடல் பருத்த தேவாங்கு. அவர்களுடைய மரக்கறித் தோட்டங்களுக்கு நீர் கொண்டுபோகும் குழாய்களை நிலத்தில் விடாமல் மரத்துக்கு மரம் உயரத்தில் கட்டிச் சென்றார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் போயிற்று; இரவில் அதன்மேல் தேவாங்குகள் நடந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். எமது தேவாங்கும் அப்படி நடக்குமா என்பதைச் செய்துபார்த்தே அறியவேண்டும். மோட்டர் குழாய் இழுக்கும் எவராவது முயன்று பார்க்கலாம்.

அவற்றைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். ஆய்வாளர்கள் சிவப்பு வெளிச்சமே பாவிக்கிறார்கள். ரோர்ச்சின் முகத்தில் சிவப்புப் பொலித்தீன் துண்டைக் கட்டி, ஆறேழு மணிக்குப் பின், பெரியவர் ஒருவரோடு வேலியோரமாக நடந்து பாருங்கள். இரண்டு தணல்கள் அருகருகே அசையாமல் நின்றால் அதுதான்.

வெட்டிய பற்றையோடு தேவாங்கு கையில் வந்துவிட்டால் வெறுங்கையால் பிடிக்கவேண்டாம். அது பயந்து சீறும், நாகம்போல உடலை ஆட்டிக் காட்டுவதும் உண்டு, கடிக்கவும் செய்யும். எந்தக் காட்டுப் பிராணி கடித்தாலும் சவர்க்காரம் போட்டு நீண்டநேரம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காயப்பட்டிருந்தால் கிராம அலுவலர் மூலமாவது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காயமில்லையென்றால் அது பிடித்திருக்கும் கொப்போடு சேர்த்து வெட்டி, காற்றோட்டமான பெட்டியில் கொப்பையும் வைத்து, துணியால் மூடி, நாயும் பூனையும் எட்டாத நிழலில் பொழுதுபடும்வரை வைத்திருங்கள். பாலோ சோறோ கொடுக்கவேண்டாம். இருண்டபின் எடுத்த இடத்துக்கு மிகக் கிட்டவாக, வெட்டாமல் விட்ட மரமொன்றின் கிளையோடு அந்தக் கொப்பைச் சாய்த்துக் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். இழுத்து எடுக்க முயலவேண்டாம்; குட்டி வயிற்றில் இருந்தால் அறுந்து விழும். அது தானாகப் பிடியை விட்டு மற்றக் கிளைக்குக் கையை நீட்டச் சில சமயம் அரைமணி நேரம் செல்லும்.